பெட்டி மாம்பழம் மலிவாகக் கிடைத்தால்: கெடாமல் காக்க ஒரு வழிகாட்டி

சித்திரையில் விலையைக் கேட்டுவிட்டு நகர்ந்துபோன அதே பங்கனபள்ளியை, ஆனியில் கடைக்காரர் கூப்பிட்டுக் கொடுப்பார். கோயம்பேட்டிலும் சேலம், கிருஷ்ணகிரிச் சந்தைகளிலும் உச்சிவேளைக்கு மேல் பெட்டியோடு தள்ளிவிடுவார்கள். தெருவில் கூறு கட்டி விற்பவர் இரண்டு கூறுக்குப் பணம் வாங்கிக்கொண்டு மூன்றாவது கூறையும் பையில் போடுவார். கிளிமூக்கின் நிலை இன்னும் மோசம். கிருஷ்ணகிரியிலும் ஆந்திரத்தின் சித்தூரிலும் அது பெரும்பாலும் மாங்கூழ் ஆலைகளை நம்பியே விளைகிறது. ஆலைகள் கொள்முதலைக் குறைத்தால் விலை தரையைத் தொட்டுவிடும். 2025 கோடையில் அப்படித்தான் ஆயிற்று. விவசாயிக்குக் கிலோவுக்கு 12 ரூபாயாவது கிடைக்க ஆந்திர அரசு தலையிட வேண்டியிருந்தது.

விவசாயிக்கு வயிற்றெரிச்சல், வாங்குகிறவருக்குக் கொண்டாட்டம். ஆனால் அந்தக் கொண்டாட்டம் மூன்று நாள்தான். நான்காம் நாள் சமையலறையில் பழ ஈ மொய்க்கும்; ஐந்தாம் நாள் பாதிப் பெட்டி குப்பைக்குப் போகும். பெட்டியாக வாங்கியது லாபமா நட்டமா என்பதை முடிவு செய்வது சந்தை விலை மட்டுமில்லை, வீட்டில் இருக்கும் ஃப்ரீசரும் அடுப்படியில் உங்களுக்கு இருக்கும் நேரமும்தான். அதனால் இந்த வழிகாட்டி ஜாமில் தொடங்கவில்லை, கணக்கில் தொடங்குகிறது.

வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு

தோல், கொட்டை, அடிபட்ட பகுதி எல்லாம் போக, ஒரு கிலோ நல்ல பழத்தில் ஏறக்குறைய 600 கிராம் கூழ் கிடைக்கும். மலிவுப் பெட்டியில் கழிவு கூடுதலாக இருக்கும். பத்துக் கிலோ வாங்கினால் ஒன்றரைக் கிலோ கழிந்துவிடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்திலிருந்து ஐந்து கிலோ கூழ் தேறும்.

இந்த ஐந்து கிலோவையும் ஒரே நாளில் ஃப்ரீசரில் அடைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். சூடான புதுச் சரக்கை நிறையத் திணித்தால் உள்ளே இருக்கும் குளிர் போதாது. கூழ் உறைவதற்குப் பல மணி நேரம் கூடுதலாக ஆகும், நடுப்பகுதி புளிக்கவும் தொடங்கலாம். மெதுவாக உறைந்தால் பெரிய பனித்துகள்கள் உருவாகிப் பழத்தின் திசுவைக் கிழித்துவிடும். பிறகு உருக்கும்போது தண்ணீர் தனியாக, நார் தனியாகப் பிரிந்து நிற்கும். வீட்டு ஃபிரிட்ஜின் ஃப்ரீசர் பகுதி 50 லிட்டர் என்றால், ஒரு நாளைக்கு இரண்டு கிலோ கூழ்தான் அது தாங்கும் அளவு. அதற்கு மேல் உள்ளதை அடுப்புக்கோ வெயிலுக்கோ அனுப்ப வேண்டும், அல்லது மறுநாள் பழுக்கும் பழமாக விட்டுவைக்க வேண்டும்.

முதல் தடவை செய்கிறவர்களுக்குப் பத்துக் கிலோவே அதிகம். ஐந்து கிலோவில் தொடங்கினால் கையும் பழகும், மனமும் வெறுக்காது. விலை மலிவு என்று இருபது கிலோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், இரவு பதினொரு மணிக்குக் கத்தியும் கையுமாக நிற்க ஆயத்தமாக இருக்க வேண்டும்.

எந்தப் பழம் எதற்கு

பங்கனபள்ளியில் நார் குறைவு, சதை கெட்டி, புளிப்பும் குறைவு. கூழாக உறையவைக்க இதைவிட வசதியான பழம் இல்லை. கிளிமூக்கு கனிந்த பிறகும் கொஞ்சம் புளிப்பை வைத்துக்கொள்ளும். கையில் சாப்பிடும்போது சுமார்தான், ஆனால் ஜாமுக்கும், தண்ணீர் கலந்து குடிக்கும் கெட்டிச் சாறான ஸ்குவாஷுக்கும் அந்தப் புளிப்புதான் வேண்டும். ஆலைகள் அதை விரும்புவதற்கும் அது ஒரு காரணம். ருமானியில் சாறு அதிகம் என்பதால் பானத்துக்குப் பொருந்தும். நார் நிறைந்த நாட்டுப் பழத்தை அரைத்து வடிகட்டினால் மணத்தில் மற்ற எல்லாவற்றையும் தோற்கடித்துவிடும்.

நீலம் பருவத்தின் கடைசியில், மற்றவை ஓய்ந்தபின் குவியும். மணம் பிரமாதம். ஆனால் கொட்டைக்குள் வண்டு இருக்கக்கூடிய பழம் அது. வெளியில் ஒரு துளைகூடத் தெரியாது. ஒவ்வொரு பழத்தையும் நறுக்கி, கொட்டையை ஒட்டிய சதையைப் பார்த்த பிறகே பாத்திரத்தில் போடுங்கள். மல்கோவாவும் இமாம் பசந்தும் மலிவாகக் கிடைத்தால் அவற்றை ஜாம் காய்ச்ச வேண்டாம். உட்கார்ந்து சாப்பிட்டுவிடுங்கள்.

பெட்டியை வாங்கும்போது மேல் வரிசையைப் பார்த்து ஏமாற வேண்டாம். வைக்கோலை விலக்கி அடியில் இருக்கும் இரண்டு பழங்களை எடுத்துக் காம்புப் பக்கம் முகர்ந்து பாருங்கள். நல்ல மாம்பழ மணம் வந்தால் சரி. கள் வாடை அடித்தால் அடிவரிசை முழுக்கப் புளித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். தோலில் சில கரும்புள்ளிகள் இருப்பதால் குற்றமில்லை, சதை வரை இறங்கியிருக்கிறதா என்பதே கேள்வி. மணமே இல்லாமல் எல்லாப் பழமும் ஒரே சீராக மஞ்சளித்திருந்தால் சந்தேகப்படுங்கள். கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது, இருந்தும் நடக்கிறது. அப்படிப்பட்ட பழம் தோலில் கனிந்தும் கொட்டைப் பக்கம் காயாகவும் இருக்கும். அதைக் காப்பாற்றி வைப்பதில் பயனில்லை.

முதல் மாலை: பெட்டியைக் கொட்டுங்கள்

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை இது. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டியை மூலையில் வைத்தால், உள்ளே தேங்கும் சூடும், கனிந்த பழம் விடும் எத்திலீன் வாயுவும் சேர்ந்து மற்றவற்றையும் ஒரே இரவில் பழுக்கவைத்துவிடும். தரையில் கோணியோ செய்தித்தாளோ விரித்துப் பழங்களை ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். பிறகு மூன்றாகப் பிரியுங்கள்.

காம்பைச் சுற்றி மெல்ல அழுத்தினால் குழிகிற பழம் இன்றைக்கே வேலை செய்ய வேண்டியது. நிறம் வந்தும் கெட்டியாக இருப்பது இரண்டு நாள் பொறுக்கும். பச்சையாக இருப்பதை வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ வைத்து விடுங்கள். இந்தப் பச்சைப் பழத்தை ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. ஏறத்தாழ 13 டிகிரிக்குக் கீழே போனால் காய் குளிரடித்து, தோல் கறுத்து, பிறகு எத்தனை நாள் வெளியே வைத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது. முழுக்கக் கனிந்ததை மட்டும் மூன்று நான்கு நாள் ஃபிரிட்ஜில் வைக்கலாம். பெட்டிப் பழம் ஒரே நாளில் பழுக்காமல் முன்பின்னாகப் பழுப்பது உண்மையில் நமக்கு வசதி. வேலை தானாகவே பங்கு பிரிந்துவிடுகிறது.

அடிபட்டுக் கன்றிய இடத்தைச் சுற்றி ஒரு விரல்கடை அகலம் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தலாம். பூசணம் பூத்தது, நுரைத்துச் சாறு வடிவது, கள் வாடை அடிப்பது ஆகியவற்றை முழுசாகக் கழித்துவிடுங்கள். மென்மையான சதையில் பூசணம் கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு நிற்பதில்லை. கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். கெட்ட வாசனையும் பூசண நஞ்சும் கொதியில் போவதில்லை.

வெட்டப் போகும் பழங்களை அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துக் காம்புப் பகுதியைத் தேய்த்துக் கழுவுங்கள். காம்பில் ஒட்டியிருக்கும் பால் சிலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் உண்டாக்கும். கூழில் கலந்தால் நாக்கு அரிக்கும். கழுவியபின் துடைத்து உலரவிடுங்கள். ஈரத்தோடு வெட்டினால் அந்தத் தண்ணீர் எல்லாம் கூழுக்குள் போய்விடும்.

கூழ் எடுப்பது

காம்புப் பக்கம் ஒரு விரல்கடை சீவி எறியுங்கள். பழத்தை நிறுத்திவைத்துக் கொட்டையின் தட்டையான இரு பக்கத்தையும் ஒட்டிக் கத்தியை இறக்கினால் இரண்டு கன்னங்கள் வரும். தோலைச் சீவ வேண்டியதில்லை; கன்னத்தைக் கையில் ஏந்தி எவர்சில்வர் கரண்டியால் தோலை ஒட்டிச் சுரண்டினால் சதை அப்படியே கழன்று வரும். ரொம்பவும் தோலோடு ஒட்டிச் சுரண்டாதீர்கள். தோலடியில் இருக்கும் பச்சைப் படலம் கூழில் கசப்பேற்றும்.

கொட்டையில் ஒட்டிய சதையைக் கத்தியால் வழிக்கப் பார்த்துக் கையை வெட்டிக்கொள்வதில் அர்த்தமில்லை. கொட்டைகளைத் தனிப் பாத்திரத்தில் போட்டு, அன்றிரவே மாம்பழ மோர்க்குழம்பில் சேர்த்துவிடுங்கள். சப்பித் தின்ன ஆள் இருக்கும் வீடு என்றால் அந்தக் குழம்புகூட வேண்டாம்.

சதையை மிக்ஸியில் தண்ணீர் விடாமல், விட்டுவிட்டு ஓடவைத்து அரையுங்கள். தொடர்ந்து ஓட்டினால் காற்றுப் புகுந்து நுரைக்கும், ஜாடி சூடேறும், நிறம் மங்கும். நார்ப் பழமாக இருந்தால் மட்டும் வடிகட்டியில் தேய்த்து எடுங்கள். பாத்திரம், கரண்டி, மிக்ஸி ஜாடி எல்லாம் ஈரமின்றி இருக்க வேண்டும். பித்தளை, அலுமினியம், இரும்புப் பாத்திரங்களைத் தொடவேண்டாம். புளிப்பு பட்டதும் உலோகம் கரையும், கூழ் கறுக்கும். எவர்சில்வரும் பீங்கானும் போதும்.

ஃப்ரீசர்: முதல் இடம் இதற்குத்தான்

பழத்தின் மணத்தை ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கும் முறை வீட்டில் இது ஒன்றுதான். அடுப்பில் ஏற்றிய எதுவும் வேறொரு தின்பண்டமாகிவிடுகிறது. நல்லதுதான், ஆனால் மாம்பழம் இல்லை. ஆகவே பெட்டியில் மிகச் சிறந்த பழங்களைக் கூழாக்கி ஃப்ரீசருக்கு ஒதுக்கிவிட்டு, இரண்டாம் தரத்தை ஜாமுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கிலோ கூழுக்கு ஒரு எலுமிச்சைச் சாறு பிழிந்து கலக்குங்கள். நிறம் மாறாமல் நிற்கும். சர்க்கரை கட்டாயமில்லை. சேர்த்தால் கூழ் கல்லாக இறுகாது, 100 கிராம் போதும். சேர்க்காவிட்டால் பிறகு பாயசத்துக்கோ குழந்தைக்கோ விருப்பம்போலப் பயன்படுத்தலாம் என்பதால் நான் சர்க்கரை சேர்க்காத கட்சி.

ஜிப் வைத்த தடித்த பையில் கால் கிலோ அளவாக ஊற்றுங்கள். ஒரு வேளைக்குத் தேவையான அளவு அதுதான். ஒரு தடவை உருக்கியதைத் திரும்ப உறையவைத்தால் சுவையும் போகும், கிருமியும் பெருகும். காற்றை அழுத்தி வெளியேற்றி, பையைத் தட்டில் படுக்கவைத்து ஒரு விரல் தடிமனுக்குத் தட்டையாக்குங்கள். தட்டையான பை சீக்கிரம் உறையும். உறைந்தபின் புத்தகம்போல் நிறுத்தி அடுக்கலாம், இடமும் மிச்சம். டப்பாவில் ஊற்றுவதாக இருந்தால் மேலே ஒன்றரை சென்டிமீட்டர் இடம் விடுங்கள். உறையும்போது கூழ் பெருத்து மூடியைத் தள்ளும். இந்த வேலைக்குக் கண்ணாடிப் பாட்டில் ஆகாது, விரிசல் விடும்.

ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருந்தால் அடுத்த பொங்கல் வரை தாராளமாகத் தாங்கும். அதற்குப் பிறகும் கெட்டுப்போகாது, மணம்தான் மெல்ல இறங்கும். மின்வெட்டு வந்தால் கதவைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். நிறைந்த ஃப்ரீசர் மூடியே இருந்தால் நெடுநேரம் குளிரைக் காக்கும். பையில் பழத்தின் பெயரும் தேதியும் எழுதுங்கள். உறைந்த பிறகு மாங்கூழும் பரங்கிக்காய் மசியலும் ஒரே நிறம்.

ஜாம்

இரண்டாம் தரக் கூழ் ஒரு கிலோ, சர்க்கரை முக்கால் கிலோ, மூன்று எலுமிச்சைச் சாறு. எலுமிச்சைக்குப் பதில் சிட்ரிக் அமிலம் என்றால் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி தலைதட்டி. கிளிமூக்குக் கூழுக்கு இதில் பாதி போதும்.

ஜாம் இறுகுவதற்குப் பெக்டின் (பழத்தில் இயல்பாகவே இருக்கும் பசைப்பொருள்), சர்க்கரை, புளிப்பு மூன்றும் சேர வேண்டும். நன்றாகக் கனிந்த மாம்பழத்தில் பெக்டின் குறைந்துபோயிருக்கும். இரண்டாம் குவியலிலிருந்து பாதிக் கனிந்த பழம் ஒன்றிரண்டை அரைத்துச் சேர்த்தால் கடையில் பெக்டின் தூள் தேட வேண்டாம். சர்க்கரையைக் குறைத்து ஆரோக்கியமாகச் செய்கிறேன் என்று இறங்குகிறவர்கள், அதை ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று வாரத்தில் தீர்த்துவிட வேண்டும். ஜாமைக் காப்பது இனிப்பின் அடர்த்தி. இந்திய உணவுத் தர விதிகள் ஜாமில் கரைந்த திடப்பொருள் 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று வைத்திருப்பது சுவைக்காக மட்டுமில்லை. அந்த அடர்த்தியில்தான் கிருமிக்கு வேண்டிய தண்ணீர் கிடைக்காமல் போகிறது.

அடிகனமான, கூழைப்போல் மூன்று மடங்கு கொள்ளும் பாத்திரம் எடுங்கள். முதலில் கூழை மட்டும் மிதமான தீயில் பத்து நிமிடம் கிளறுங்கள். பிறகு சர்க்கரையைக் கொட்டிக் கரையவிட்டு, தீயைக் கூட்டுங்கள். இனிமேல் அடுப்பை விட்டு நகரக் கூடாது. மாங்கூழ் பால் மாதிரி பொங்காது. மேலே சாதுவாகப் படிந்திருக்கும், அடியிலிருந்து ஒரு குமிழி மெல்ல எழும்பி, உப்பி, ‘ளொப்’பென்று வெடிக்கும். அந்தத் துளி கையில் பட்டால் ஒட்டிக்கொண்டே சுடும், உதறினாலும் போகாது. நீளப் பிடி மரக்கரண்டி, கையைச் சுற்றி ஒரு துணி, குழந்தைகளுக்குச் சமையலறையில் தடை. மூன்றும் வேண்டும்.

கொதி தடித்து, குமிழிகள் சிறியதும் பளபளப்புமாக மாறும்போது புளிப்பைச் சேருங்கள். முன்கூட்டியே சேர்த்து நெடுநேரம் கொதிக்கவிட்டால் பெக்டின் உடைந்துவிடும். பதம் பார்க்க இரண்டு வழி. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் சொட்டுச் சொட்டாக விழாமல் இரண்டு சொட்டு சேர்ந்து திரைபோல் இறங்க வேண்டும். அல்லது, முன்பே ஃப்ரீசரில் வைத்திருந்த சிறு தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளினால் மேல்தோல் சுருங்க வேண்டும். தட்டில் சோதிக்கும்போது அடுப்பை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் சோதித்து முடிப்பதற்குள் பதம் தாண்டி அல்வாவாகிவிடும். அதிரசத்துக்குப் பார்க்கும் பாகுப் பதத்தை இங்கே தேடவேண்டாம், அது வேறு கணக்கு.

வெப்பமானி இருந்தால் சமவெளியில் 105 டிகிரியில் நிறுத்துங்கள். மலையில் இருப்பவர்களுக்கு இந்த எண் பொருந்தாது. ஊட்டியில் தண்ணீரே 93 டிகிரி அளவில் கொதித்துவிடும். உங்கள் ஊரில் தண்ணீர் கொதிக்கும் வெப்பத்தோடு 5 டிகிரி கூட்டிக்கொண்டு அங்கே நிறுத்த வேண்டும். சமவெளிச் சமையல் குறிப்பைப் பார்த்து 105 வரை காய்ச்சினால் மலையில் கிடைப்பது மிட்டாய்.

ஜாம் கொதிக்கும்போதே சிறு கண்ணாடிப் பாட்டில்களைக் கழுவி, ஒரு பாத்திரத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, கவிழ்த்து உலரவையுங்கள். பாட்டில் சூடாக இருக்கும்போதே சூடான ஜாமை ஊற்ற வேண்டும். ஆறிய பாட்டிலில் ஊற்றினால் உடையும். விளிம்பை ஈரத்துணியால் துடைத்து மூடுங்கள். இன்னும் உறுதி வேண்டுமென்றால், அகலப் பாத்திரத்தின் அடியில் துணி விரித்து, மூடிய பாட்டில்களை அதில் முழுக நிறுத்திப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். பெரிய பாட்டில் ஒன்றைவிடச் சிறிய பாட்டில்கள் நான்கு நல்லது. திறந்தது ஃபிரிட்ஜில் இருக்கட்டும், ஈரக்கரண்டி உள்ளே போகக் கூடாது. மேலே பூசணம் கண்டால் அதை மட்டும் வழித்துவிட்டுச் சாப்பிடும் பழக்கம் வேண்டாம், பாட்டிலோடு போகட்டும்.

வெறும் கூழைப் பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைக்காதீர்கள்

ஆலைகள் தகரத்தில் அடைக்கின்றனவே, நாமும் கூழைக் கொதிக்கவைத்துப் பாட்டிலில் ஊற்றி மூடினால் என்ன என்று தோன்றும். ஆலைகள் கூழின் புளிப்பை அளந்து, தேவைக்குச் சிட்ரிக் அமிலம் சேர்த்து, வெப்பத்தையும் நேரத்தையும் கருவிகளால் கட்டுப்படுத்துகின்றன. கனிந்த மாம்பழத்தின் புளிப்பு வகைக்கு வகை, பழத்துக்குப் பழம் மாறும். அமில அளவைக் காட்டும் பிஹெச் எண் 4.6க்கு மேல் இருந்தால், காற்றுப் புகாத பாட்டிலுக்குள் போட்டுலினம் என்ற கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர முடியும். அதன் வித்துகள் சாதாரணக் கொதியில் சாவதில்லை. நஞ்சு வந்த கூழ் பார்வைக்கோ மணத்துக்கோ கெட்டதாகத் தெரியாமலும் இருக்கலாம். நன்றாகக் கனிந்த பங்கனபள்ளி போன்ற புளிப்பற்ற பழத்தில் இந்த ஆபத்து கற்பனை இல்லை. சர்க்கரையும் புளிப்பும் சேராத கூழுக்கு வீட்டில் ஃப்ரீசர் தவிர வேறு இடம் கிடையாது.

ஸ்குவாஷ்

ஒரு கிலோ வடிகட்டிய கூழ், ஒன்றரைக் கிலோ சர்க்கரை, ஒரு லிட்டர் தண்ணீர், 25 முதல் 30 கிராம் சிட்ரிக் அமிலம். சர்க்கரை, தண்ணீர், சிட்ரிக் அமிலம் மூன்றையும் ஒரு கொதி விட்டு, மெல்லிய துணியில் வடிகட்டி முழுக்க ஆறவிடுங்கள். கம்பிப் பதம் எல்லாம் வேண்டாம், கரைந்தால் போதும். ஆறிய பாகில் கூழைக் கலந்தால் மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் குறைய வரும். ஒரு பங்குக்கு மூன்று பங்கு குளிர்ந்த தண்ணீர் விட்டுக் குடிக்கலாம்.

இதில் கெடாமல் இருக்கச் சேர்ப்பது பொட்டாசியம் மெட்டாபைசல்பைட், சுருக்கமாகக் கேஎம்எஸ். லிட்டருக்கு 0.6 கிராம்தான் கணக்கு. கைக்கணக்கில் போடுகிற பொருள் இல்லை. நகை எடைபோடும் சிறு தராசு இருந்தால் அளந்து, இரண்டு கரண்டி தண்ணீரில் கரைத்து, ஆறிய ஸ்குவாஷில் கலக்குங்கள். சூட்டில் போட்டால் காக்க வேண்டிய கந்தக வாயு ஆவியாகிப் போய்விடும். ஆஸ்துமா இருப்பவர்களுக்குச் சல்பைட் மூச்சுத்திணறலைத் தூண்டக்கூடும், அந்த வீட்டில் வேண்டாம். தராசும் இல்லை, மருந்துச் சரக்கும் பிடிக்காது என்பவர்கள் அதை விட்டுவிட்டு, பாட்டில்களை ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று வாரத்துக்குள் குடித்துவிடுங்கள். கோடை விருந்தாளிகள் வரும் வீட்டில் அதற்குள் எப்படியும் தீர்ந்துவிடும்.

வெயிலில் காயும் மாம்பழத் தாண்ட்ரா

மாங்கூழைப் படலம் படலமாக ஊற்றிக் காயவைத்து எடுக்கும் இனிப்புதான் தாண்ட்ரா. ஆந்திரத்தில் கோதாவரிக் கரை ஆத்ரேயபுரம் இதற்குப் பெயர்போனது. யாழ்ப்பாணத்தில் பனங்களியைப் பாயில் ஊற்றிக் காயவைத்துப் பனாட்டு எடுப்பதும் இதே வழிதான்: மெல்லிசாக ஒரு படலம், அது காய்ந்ததும் அதன் மேல் இன்னொன்று.

ஒரு கிலோ கூழுக்கு 100 முதல் 150 கிராம் சர்க்கரை, ஒரு எலுமிச்சைச் சாறு. கூழை அடுப்பில் ஏற்றி ஆவி பறக்கும்வரை சில நிமிடம் சூடாக்குங்கள். காய்வதற்கு முன் புளித்துவிடாமல் இருக்க இது உதவும். அகலத் தாம்பாளத்தில் நெய்யை மிக மெல்லிசாகத் தடவி, கூழை மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் ஊற்றிப் பரப்புங்கள். தடிமனாக ஊற்றினால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரம் நின்று பூசணம் பிடிக்கும். நல்ல வெயிலில், மெல்லிய வேட்டித் துணியை ஈ படாதபடி மேலே கட்டி, மொட்டை மாடியில் வையுங்கள். பொழுது சாய்வதற்கு முன் உள்ளே எடுத்துவிட வேண்டும். இரவு ஈரம் பகல் முழுக்கக் காய்ந்ததைக் கெடுத்துவிடும். விரலில் ஒட்டாமல் ஆனதும் அடுத்த படலம். நான்கைந்து படலம் ஏறி, ஓரத்தைப் பிடித்து இழுத்தால் தாம்பாளத்தைவிட்டு முழுசாக உரிந்து வந்தால் முடிந்தது. எண்ணெய்த்தாளில் சுருட்டி, காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

கத்திரி வெயில் இருக்கும் மே மாதத்தில் இது சுலபம். ஆனியில் சென்னைப் பக்கம் மாலையில் இடி மழை வரும், குமரியில் தென்மேற்குப் பருவமழையே தொடங்கியிருக்கும். வானம் மப்பாக இருந்தால் முயற்சியே வேண்டாம். மின்சார ஓவன் இருக்கும் வீட்டில் 60 டிகிரியில் கதவைச் சற்றே திறந்துவைத்துக் காயவைக்கலாம். மின் கட்டணத்தைப் பார்த்தால் பழம் மலிவாக வாங்கிய மகிழ்ச்சி பாதியாகிவிடும்.

மற்ற பழங்களுக்கு

கொய்யாவில் பெக்டின் ஏராளம். பழனிக்கு அருகே ஆயக்குடிச் சந்தையில் மூட்டையாகக் கிடைத்தால், நறுக்கி மூழ்கும் அளவு தண்ணீரில் வேகவைத்து, பிழியாமல் துணியில் சொட்டவிட்டு, அந்தச் சாற்றில் ஜெல்லி காய்ச்சலாம். துணியைப் பிழிந்தால் ஜெல்லி கலங்கும். கனிந்த வாழையைக் கூழாக உறையவைத்தால் கறுத்துவிடும். வட்டமாக நறுக்கித் தட்டில் தனித்தனியாக உறையவைத்த பிறகு பையில் போடுங்கள். மலைவாழையை அதிகம் வாங்கிவிட்டவர்கள் பழனிப் பஞ்சாமிர்தத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பிரசாதத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்ப்பதில்லை. வெல்லம், தேன், நெய்யோடு பிசைவதால் மருந்துச் சரக்கு இல்லாமலே நாள்பட நிற்கிறது.

கம்பம் பன்னீர் திராட்சை மலிவானால் ஸ்குவாஷுக்கு நல்லது, ஆனால் அதற்குக் கேஎம்எஸ் ஆகாது, நிறத்தை வெளுத்துவிடும். சிவப்பு, ஊதா நிறப் பழங்களுக்குச் சோடியம் பென்சோயேட்தான் வழக்கம். பப்பாளிக்குப் புளிப்பு மிகக் குறைவு என்பதால் மாம்பழ ஜாமுக்குச் சொன்னதைவிட எலுமிச்சையைக் கூட்டுங்கள், பாதி அன்னாசிக் கூழ் கலந்தால் இன்னும் நல்லது.